அத்தை சொன்ன இந்திக் கதை

எங்கள் வீட்டுக்கு டிவி வந்த புதிதில் அதற்குள் இருந்தவர்கள் எல்லோரும் இந்தியில்தான் பேசினார்கள். டில்லியில் காட்டுவதை அப்படியே வாங்கி நமக்கும் காட்டுகிறார்கள் என்று அப்பா சொன்னார். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. அதற்காக யாரும் பார்க்காமல் இருந்துவிடவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் தெருவே வந்து எங்கள் முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

அது கறுப்பு வெள்ளைப் பெட்டி. இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்துகிற மரக்கதவும் அதற்கொரு பூட்டும் உண்டு. அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். அங்கே ஒரு பீரோச் சாவியைக்கூட அவரை நம்பிக் கொடுத்ததில்லை என்று அம்மா சொல்வாள். டிவிச் சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. சாவி வெளியே வருகிற நேரத்தை அப்பாவின் முகத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

புரியாத நிகழ்ச்சிகளைப் பற்றி எங்கள் தெரு சொன்ன அளவுக்கு, புரிகிற நிகழ்ச்சிகளைப் பற்றி இன்றைக்கு யாரும் கருத்துச் சொல்வதில்லை. விவசாய நிகழ்ச்சியில் எருமை வந்தால் பூக்கார அக்கா கட்டுகிற மாலையைக் கீழே வைத்துவிட்டு, "மடி நல்லாருக்கு, ஆனா பால் நிக்காது" என்று தீர்ப்புச் சொல்வாள். செய்தி வாசிக்கிற பெண்ணைப் பற்றி அம்மாவுக்கு ஒரு கவலை இருந்தது. தினமும் புதுச் சேலை கட்டுகிறாள், தலையில் பூ வைக்கிறாள், ஆனாலும் சிரிக்க மாட்டேனென்கிறாள், வீட்டில் என்ன கஷ்டமோ என்பாள். எதிர்வீட்டில் டிரில் சார் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டு ஓய்வு பெற்றவர். அவருக்கு வானிலை அறிக்கை மேல்தான் கோபம்.

"குச்சி மெட்ராஸுக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குதே தம்பி. நம்மூருக்கெல்லாம் மழை வேணாமா?" என்று அப்பாவைக் கேட்பார். அப்பா, ஏதோ தானே மழையைப் பிடித்து வைத்திருப்பதுபோலத் தலைகுனிந்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை காது கேளாதவர்களுக்காக ஒரு செய்தி வரும். ஒரு அம்மாள் கையால் சைகை காட்டிச் சொல்வார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் புரிந்த ஒரே செய்தி அதுதான். நடுவில் படம் நின்றுபோனால் திரையில் இந்தி எழுத்தாக ஒரு அட்டை வந்து நிற்கும். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று அதில் எழுதியிருந்ததாம். அதையும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து, பூக்கார அக்கா பல நாள் அசையாமல் பார்த்திருக்கிறாள்.

புதன்கிழமை ஒரு தொடர் வரும். அதற்குத்தான் கூட்டம் நெரியும். பெரிய மாடி வீடு, உள்ளேயே வளைந்து ஏறுகிற படிக்கட்டு, பெரிய மீசை வைத்த ஒரு வயசாளி, நீளச் சடை போட்ட ஒரு பெண். இவர்கள் பேசுவார்கள், அழுவார்கள், படிக்கட்டில் ஏறுவார்கள், இறங்குவார்கள். கதை என்ன என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. மீசைக்காரர் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் என்று பூக்கார அக்காவும், வீட்டுச் சொந்தக்காரர், வாடகை கேட்டு வந்திருக்கிறார் என்று டிரில் சாரும் ஒரு புதன்கிழமை சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"ரெண்டுமில்ல. அவரு அந்தப் புள்ளயோட அப்பா," என்றாள் அத்தை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தா போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள். பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு சிநேகிதியோடு சேர்ந்துகொண்டு இந்தி வகுப்புக்குப் போய் முதல் பரீட்சை பாஸ் செய்தவள். அந்தப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். இது மாம்பழம், அது கிணறு, ராமு கடைக்குப் போகிறான் என்பதோடு அது முடிந்துவிடும்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அப்பா.

"பிதாஜின்னு கூப்புடுதேண்ணே. பிதாஜின்னா அப்பா."

அந்தக் கணத்திலிருந்து எங்கள் வீட்டில் அத்தையின் மதிப்பு ஏறிவிட்டது. அடுத்த புதன்கிழமை அவளுக்கு டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டார்கள். அதற்குமுன் அந்த முக்காலியில் டிரில் சார் மட்டும்தான் உட்காருவார். அவரே எழுந்து, "நீ உக்காரும்மா, உனக்குத்தான் வேலை," என்று விட்டுக்கொடுத்தார். அவர்கள் இந்தியில் ஒன்று பேச, அத்தை தமிழில் ஒன்று சொல்வாள். பெண்ணுக்குத் தாய் இல்லை, அப்பா நல்லவர்தான் ஆனால் பிடிவாதக்காரர், வீட்டுத் தோட்டத்தில் ரோஜா வைத்திருக்கிறார்கள் என்று கதை சீராகப் போய்க்கொண்டிருந்தது.

என் வகுப்பில் இன்னும் மூன்று பேர் வீட்டில் டிவி இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேசிப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை ஓடியிருக்கும். ஒருத்தி வீட்டில் அது பேய்க்கதை. மாடிப் படிக்கட்டில் பேய் இருக்கிறது என்று சத்தியம் செய்தாள். எனக்கு அவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும். அவர்கள் வீட்டில் இந்தி படித்த அத்தை இல்லை.

அந்தச் சமயத்தில் அத்தைக்கு இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேயே விடுதியில் தங்கிக்கொள்ள வேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்துவிட வேண்டும். அதே வாரம் திருமங்கலத்திலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. உரக்கடை வைத்திருக்கிற குடும்பம். பையன் நல்ல பையன், ஒரு குறையும் சொல்ல முடியாது. அத்தைக்கு அதுதான் கஷ்டமாகப் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்லை என்று அவர்கள் பெருமையாகவே சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"வயசுப் புள்ள வெளியூர்ல போயி ஒத்தையில தங்குறதா? நல்ல எடம் தேடி வந்துருக்கு பாப்பா. நான் ஒனக்குக் கெடுதலா செய்வேன்?" என்றார் அப்பா.

அத்தை, "சரிண்ணே," என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் துவைத்த வேகத்தில் என் சீருடைச் சட்டையின் பை கழன்று கையோடு வந்துவிட்டது. அந்தத் துண்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு துவைகல்லின் மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சட்டையைக் கிழித்ததற்கு அம்மா திட்டுவாள் என்று பயப்படுகிறாள் என நினைத்து, "நான் சொல்ல மாட்டேன் அத்தை," என்றேன். என்னை இழுத்து ஈரக் கையாலேயே கட்டிக்கொண்டாள். அம்மா அடுக்களை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை அம்மா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. படம் தொடங்கியதும் அவள்தான் கேட்டாள்.

"ஏ புள்ள, இந்தப் பொண்ணு என்ன படிச்சிருக்காளாம்?"

அத்தை திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டீச்சருக்குப் படிச்சிருக்கா மதினி. மலையடிவாரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்குக் கூப்புட்டிருக்காங்க."

"போறாளாமா?"

"போகணும்னுதான் நெனைக்கிறா. அப்பா விட மாட்டேங்குறாரு."

கண்ணாடி போட்ட ஒருவர் கையில் பெட்டியோடு படியேறி வந்தார். அவர்தான் மாப்பிள்ளை, கரும்பு ஆலை வைத்திருக்கிறார் என்று அத்தை சொன்னாள். மீசைக்காரர் அவரைப் பார்த்ததும் தோளில் தட்டி உட்காரவைத்தார். அதற்குப் பிறகு எங்கள் முன்னறையில் அமைதி போய்விட்டது. தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பெற்றவன் பார்த்துச் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது டிரில் சார் கட்சி. அவளை ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும் என்பது பூக்கார அக்கா கட்சி. அப்பா முதலில் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் என்ற முறையில் பொதுவாக இருந்தார்.

அத்தைக்கு அந்த வாரங்கள் லேசாக இருந்திருக்காது. ஒருநாள் மீசைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அத்தை, "வேலைக்குப் போனா காலை ஒடிச்சிருவேன்னு சொல்றாரு," என்றாள்.

"சிரிக்கிறானே?" என்றார் டிரில் சார்.

"வடக்க கோவம் வந்தா அப்பிடித்தான் சார்."

இன்னொரு நாள், "கல்யாணம் ஆகலேங்கிற, வகிட்டுல குங்குமம் வச்சிருக்காளே?" என்று பூக்கார அக்கா கேட்டாள். அங்கெல்லாம் கன்னிப்பெண்களும் வைத்துக்கொள்வார்கள் என்று அத்தை சொன்னாள். அதைவிடப் பெரிய சிக்கல் என்னால் வந்தது. ஒரு இளைஞன் ஓடிவந்து அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து அழுதான். கூட்டம் ஒரு மாதிரி நெளிந்தது. "அண்ணன்தான்," என்றாள் அத்தை அவசரமாக.

"போன வாரம் தோட்டக்காரன்னு சொன்னியே அத்தை?" என்றேன் நான்.

அத்தை என் தொடையில் கிள்ளினாள். "அண்ணன்தான் தோட்ட வேலையும் பாக்குறான்."

"அதான் வடக்க உள்ளவன் முன்னேறுறான். எந்த வேலைக்கும் கூச்சப்படுறதில்ல," என்றார் டிரில் சார். அந்த ஆபத்து அப்படி நீங்கியது.

போகப்போக அப்பாவால் பொதுவாக இருக்க முடியவில்லை. ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே, "இன்னிக்குப் புதன்தான?" என்பார். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "அந்தாளுக்கு ஏன் இம்புட்டுப் பிடிவாதம்? தாயில்லாத புள்ள, பாவம்," என்றார். யாரைச் சொல்கிறார் என்று அம்மா கேட்கவில்லை. இன்னும் இரண்டு துண்டு எடுத்து அவர் இலையில் வைத்தாள். அடுத்த வாரமே அப்பா வெளிப்படையாகப் பூக்கார அக்கா கட்சிக்கு மாறினார். மீசைக்காரர் திரையில் வந்தாலே, "வந்துட்டான்யா," என்பார்.

இதற்கிடையில் திருமங்கலத்திலிருந்து தகவல் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அப்பா சந்தோஷமாக அலைந்து பலகாரத்துக்குச் சொல்லிவிட்டு வந்தார். டிவியில் அந்தக் கிழவர் செய்வதும் வீட்டில் தான் செய்வதும் ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வரப்போகிற லட்டுதான் என் நினைவெல்லாம்.

அந்த வாரப் புதன்கிழமை படம் தொடங்கியதுமே அத்தையின் முகம் மாறியது. திரையில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. வாசலெல்லாம் தோரணம். முக்காடு போட்டு, நகை பூட்டி, அந்த நீளச் சடைப் பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஷெனாய் சத்தம் வீடு முழுக்க நிறைந்தது.

"அடப்பாவி, முடிச்சுட்டானா?" என்றாள் பூக்கார அக்கா.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவளுடைய கை முக்காலியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. திரையில் அந்தப் பெண் எழுந்து மீசைக்காரரின் காலைத் தொட்டு, அவர் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா பாப்பா?" என்றார் அப்பா.

அத்தை திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள். "நீங்க எனக்கு எல்லாம் செஞ்சீங்க. கேக்காமலே செஞ்சீங்க. இது ஒண்ண மட்டும் என்னைக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம். எனக்கு அந்த மாப்பிள்ளை மேல ஒரு வருத்தமும் இல்ல. நான் படிச்ச படிப்புக்கு ஒருதடவையாவது கரும்பலகை முன்னாடி நின்னு பாத்துக்கிறேன்னுதான் கேட்டேன். அது அம்புட்டுப் பெரிய ஆசையா?"

அந்தப் பெண் திரையில் பேசியது ஒரு வரிகூட இருக்காது. இந்தியில் குறைவாகப் பேசினால் தமிழில் அதிகமாக வரும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"அவன் என்ன சொல்றான்?" என்று அப்பா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

மீசைக்காரர் வாயைத் திறந்தார். சரியாக அந்த நேரத்தில் படம் நின்று எழுத்து அட்டை வந்தது. முன்னறையில் ஒரே கூச்சல். மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பலாமா என்று ஒருவர் எழுந்தார். "அது அங்கயே கோளாறு, உக்காருங்க," என்று அம்மா சொன்னாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"அவன் என்னத்தையும் சொல்லிட்டுப் போறான். நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?"

"நானா?" அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானா இருந்தா இம்புட்டுத் தூரம் விட்டுருப்பனா? புள்ள ஆசப்படுது. ரெண்டு வருசம் வேலைக்குப் போயிட்டு வான்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன். மாப்பிள்ளைக்கா பஞ்சம்?"

பூக்கார அக்கா, "அப்பிடிச் சொல்லுங்க அண்ணே," என்றாள்.

"அப்ப நான் போயிட்டு வரட்டாண்ணே?" என்றாள் அத்தை.

"எங்க?"

"டி. கல்லுப்பட்டிக்கு."

டிவியில் அட்டை மட்டும் அசையாமல் நின்றது. அப்பா அத்தையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்க்காமல் என் தலையில் பேன் தேடத் தொடங்கினாள். தெருவில் பாதிப் பேர் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பத்திலிருந்து பெற்றவன் கட்சியில் இருந்த டிரில் சார்தான் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, சொன்னது சொன்னதுதான? இத்தன பேரு கேட்டோம்."

"திருமங்கலத்துக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் அப்பா.

"அத நான் பாத்துக்கிறேன்," என்றாள் அம்மா, பேனை விடாமல்.

அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படம் திரும்ப வந்துவிட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. மீசைக்காரர் என்ன பதில் சொன்னார் என்பது எங்கள் தெருவில் எவருக்கும் தெரியாமலே போயிற்று.

"போயிட்டு வா பாப்பா," என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, நிஜமான கவலையோடு, "அப்ப புதன்கெழமைக்கு என்ன செய்யிறது?" என்றார்.

அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். பூக்கார அக்கா விற்பதற்கு வைத்திருந்த மல்லிகையில் ஒரு முழம் எடுத்து அவள் தலையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை பலகாரம் சொன்னபடி வந்தது. திருமங்கலத்துக்கு அம்மா என்ன சொல்லியனுப்பினாளோ, அவர்கள் மனவருத்தமில்லாமல் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். லட்டு முழுவதையும் தெருவே தின்றது. அடுத்த புதன்கிழமைக்குள் ஜூன் பிறந்து, அத்தை டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். அப்பா கூடவே போய், விடுதியைச் சுற்றிப் பார்த்து, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்றுகூடச் சோதித்துவிட்டுத் திரும்பினார்.

அத்தை இல்லாத முதல் புதன்கிழமையும் கூட்டம் வந்தது. முக்காலி காலியாக இருந்தது. நல்ல வேளையாக அந்த மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பேங்க் ஆபீஸர் குடிவந்திருந்தார். போபாலில் பல வருசம் இருந்துவிட்டு மாற்றலில் வந்தவர். அப்பா நேரில் போய் மரியாதையாக அழைத்துவந்து முக்காலியில் உட்காரவைத்தார்.

"இந்தத் தொடரா? நான் அங்கயே ஆரம்பத்துல இருந்து பாத்துட்டு வாரேன் சார்," என்றார் அவர்.

"அப்ப நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ண வேலைக்கு விட்டாங்களா, அதச் சொல்லுங்க," என்றாள் பூக்கார அக்கா.

"எந்தப் பொண்ணு? எந்த வேலை?"

"சடைக்காரப் பொண்ணு. டீச்சர் வேலை."

பேங்க்காரர் குழம்பிப் போனார். "அது அந்த வீட்டு மருமகளாச்சே. பெரியவரு அவளோட மாமனாரு. அவளுக்குத்தான் முதல் வாரமே கல்யாணம் ஆயிருச்சே."

"போன வாரம் கல்யாணத்த நாங்க கண்ணால பாத்தோம்," என்றார் டிரில் சார்.

"அது அவ பழசை நெனச்சுப் பாக்குறது சார். மில்லுல பங்குத் தகராறு, அதான் கதை. கண்ணாடி போட்டவரு வக்கீலு. கேஸு நடக்குது."

"அழுதுகிட்டு வந்தானே அவ அண்ணன்?"

"அவரு அவ புருசன்."

டிரில் சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க போபால்ல இருந்தேன்னீங்கள்ல? அங்க பேசுற இந்தி வேற போல."

அப்பா திரையைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து வேகமாக அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து ஒரு பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அப்பாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. துண்டை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூச்சு வாங்கி நிறுத்திவிட்டு, "பாப்பா, பாப்பா," என்று சொல்லி மறுபடியும் சிரித்தார்.

பேங்க்காரர் முக்காலியின் நுனியில் சங்கடமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. வடக்கே அத்தனை வருசம் இருந்தும் ஒரு மனுசருக்கு இந்தி வராமல் போனதற்காக, வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து இப்படியா சிரிப்பார்கள் என்று எனக்கு அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது.